ஒரு கிலோ சாக்குக் கழிவு

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்பது உறவு மட்டுமல்ல, ஒரு பதவி. அவர் வீட்டுக்குள் நுழைந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துகொள்வார்கள். மின்விசிறியின் முகம் அவர் பக்கம் திரும்பும். அவர் வேண்டாம் என்று சொன்ன பலகாரம், அவர் சொன்னதே கேட்காததுபோல் மறுபடியும் தட்டில் விழும். மாமியார் அவருடன் நேருக்கு நேர் பேசுவதில்லை. "மாப்பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்லு" என்று நான் மகளிடம் சொல்வேன். இரண்டடி தள்ளி நிற்கும் மாப்பிள்ளைக்கு அது காதில் விழாததாக மூவரும் ஒப்புக்கொண்டு, மகள் அதை ஒருமுறை எடுத்துச் சொல்வாள். கல்யாணமாகி ஒன்றரை வருடமாக நானும் என் மாப்பிள்ளையும் இந்த ஏற்பாட்டில் மிகவும் சௌகரியமாகவே இருந்தோம்.

ஆகவே, அவர் சேலத்தில் ஒரு கம்பிக் கூண்டுக்குள் ஏறி, முன்பின் தெரியாத ஒருவரிடம் முகத்தில் குத்து வாங்கப் போகிறார் என்ற செய்தியும் மகள் வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

"வாங்க இல்லம்மா, குடுக்க" என்று அவள் திருத்தினாள். திருத்தம் அவளுக்கே முழு நம்பிக்கை தரவில்லை என்பது குரலில் தெரிந்தது.

மாப்பிள்ளை சங்ககிரியில் ஒரு லாரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். எந்த லாரி எந்த மாநிலத்தில் நிற்கிறது என்பதைக் கணினித் திரையில் புள்ளிகளாகப் பார்த்துச் சொல்வது அவர் பணி. சாலையில் எதிரே வருபவர் ஒதுங்காவிட்டால் தானே வண்டியை மண்ணில் இறக்கி வழிவிடும் சுபாவம். அப்படிப்பட்டவர் இரண்டு வருடமாக ஒரு டயர் கடையின் மாடியில் எம்.எம்.ஏ. என்ற கலப்புச் சண்டை பழகிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தபோது நான் வழக்கம்போல் புத்தகத்தை நாடினேன். நாமக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வருகிற கவலை எதுவானாலும் முதலில் அதைப் படித்துவிட வேண்டும் எனக்கு. குத்துச்சண்டை, மல்யுத்தம், காலால் உதைப்பது, கையை முறுக்குவது, கழுத்தை நெரிப்பது ஆகியவற்றை மனிதகுலம் தனித்தனியாக ஒழுங்குபடுத்தப் பல நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவை அனைத்தையும் மறுபடியும் ஒன்றாகக் கலந்து ஒரே ஆள்மேல் பிரயோகிப்பதுதான் இந்தக் கலை என்று அறிந்துகொண்டேன். படித்ததால் கவலை குறையவில்லை. அதற்குப் பெயர்கள் கிடைத்தன, அவ்வளவுதான்.

இதில் ஒரு நிபந்தனை இருந்தது. மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். "ஒன்னே ஒன்னு. இதுதான் முதலும் கடைசியும்" என்று அவள் சொல்லியிருந்தாள், அவரும் அவள் கையைப் பிடித்துச் சம்மதித்திருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை அவருக்கு ஏற்பாடாகி, இரண்டு முறையும் கலைந்திருந்தது. ஒரு தடவை எதிராளிக்குக் காய்ச்சல். இன்னொரு தடவை போட்டி நடத்துபவரையே காணவில்லை. அவருக்கு வயது முப்பத்திரண்டு. இது நடக்காவிட்டால் இனி எப்போதும் நடக்காது. குழந்தை பிறந்த பிறகு கூண்டுக்குள் போகும் தகப்பனை எங்கள் குடும்பம் மட்டுமல்ல, அவருடைய மனசாட்சியும் அனுமதிக்காது. இதை அவர் யாரிடமும் சொல்லிப் புலம்பவில்லை. ஆனால் அந்தப் போட்டியின் தேதியை அவர் உச்சரித்த விதம், மற்றவர்கள் பிரசவத் தேதியை உச்சரிக்கும் விதமாக இருந்தது.

என் கணவர் விஷயத்தைக் கேட்டுச் சற்று நேரம் யோசித்தார். எங்களுக்குக் கோழிப்பண்ணையும் தீவனக் கிடங்கும் இருக்கின்றன. கூண்டு எங்களுக்குப் புதிதல்ல, எங்கள் சோறே கூண்டிலிருந்துதான் வருகிறது. "நம்ம கூண்டுல கூட ஒன்னையொன்னு கொத்திக்கக் கூடாதுன்னுதான் அலகை வெட்டி உடறோம்" என்றார் கடைசியில். அதற்குமேல் மாப்பிள்ளையின் காரியத்தில் கருத்துச் சொல்வது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார்.

போட்டிக்கு முந்திய வாரம் மாப்பிள்ளை எங்கள் வீட்டில்தான் இருந்தார், மகள் எங்களிடம் வந்திருந்ததால். எழுபது கிலோவுக்கு ஒரு கிராம்கூட மேலே போகக் கூடாது என்பது அவருடைய பிரிவின் விதி. அதற்காக அவர் வேகவைத்த முட்டையை உடைத்து, மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிட்டார். முட்டைக்காரர் வீட்டில் முட்டையில் பாதியை ஒதுக்கி வைக்கும் மாப்பிள்ளை. வேலையாட்கள் சமையலறை வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்தச் சமயம் பார்த்துச் சேந்தமங்கலத்திலிருந்து என் நாத்தனார் வந்து சேர்ந்தார். என் கணவருக்கு மூத்தவர். பிறந்த வீட்டின் கௌரவம் தன் இடுப்பில் செருகிய சாவிக்கொத்தில் தொங்குகிறது என்று எண்ணுபவர். மஞ்சள் கருக்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஏனுங் மாப்பிள்ளை, எங்கூட்டுச் சாப்பாடு புடிக்கலைங்களா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க பெரியத்தை. எடை எச்சாயிரும்."

"எடைங்கறது ஆண்டவன் குடுக்கறதுங்க. நாளைக்கு அந்த ஊட்டுல போய், பொண்ணெடுத்த எடத்துல பட்டினி போட்டாங்கன்னு ஒரு சொல்லு வந்தா, நாங்க எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கறது?"

பட்டினி கிடந்தது மாப்பிள்ளை, வாடியது நாத்தனார். இதற்கு ஒரு தீர்வு கண்டவர் என் கணவர். தினமும் காலையில் மாப்பிள்ளையைத் தீவனக் கிடங்குக்கு அழைத்துப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்தி, எடையைப் பார்த்து வந்து நாத்தனாரிடம் அறிவிப்பார். மிச்சம் இருக்கிற அளவுக்கு அவர் பரிமாறிக்கொள்ளலாம். இரண்டு தேசங்களுக்கிடையே உடன்படிக்கை செய்துவைத்தவர்போல் அவர் முகத்தில் ஒரு திருப்தி.

"இன்னிக்கு அறுபத்தொம்பதரை."

"அப்ப அரைக்கிலோ இருக்குதல்ல" என்பார் நாத்தனார். அரைக்கிலோவுக்குள் அடங்கும்படி ஒரு கிண்ணம் கோழிச்சாறும் இரண்டு இட்லியும் வரும். மாப்பிள்ளை என்னைப் பார்ப்பார். நான் மகளைப் பார்ப்பேன். மகள் கூரையைப் பார்ப்பாள். அவர் சாப்பிடுவார். மாமனார் வீட்டுத் தராசையும் பெரியத்தையின் கிண்ணத்தையும் மறுக்கும் துணிச்சல், கூண்டுக்குள் போகத் துணிந்தவருக்கும் இல்லை.

கிளம்புகிற அன்று காலை அதே தராசு அறுபத்தொன்பதே முக்காலைக் காட்டியது. நாத்தனார் மனம் குளிர்ந்து அரை டம்ளர் பாலும் கொடுத்தார்.

கர்ப்பிணி அந்தக் கண்றாவியைப் பார்க்கக் கூடாது என்று எல்லோரும் சொல்லிவிட்டதால், மகளுக்குத் துணையாகச் சம்பந்தியம்மாளை இருத்திவிட்டு நாங்கள் மூவரும் மாப்பிள்ளையுடன் காரில் புறப்பட்டோம். "நீ கட்டாயம் போம்மா" என்று மகள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "அப்பா பாதியில எந்திரிச்சுப் போன் பேசப் போயிருவாரு. யாராச்சும் ஒருத்தர் கடைசி வரைக்கும் பாக்கணும்."

போட்டி சேலத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடை இருந்த இடத்தில் எட்டுப் பக்கக் கூண்டு. முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் அப்படியே இருந்தது. பன்னீர்ச் செம்பு வைக்கும் மேசையில் இப்போது கையுறைகளும் மருத்துவருடைய பெட்டியும். நாங்கள் போன நேரத்தில் எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள், சண்டை மாலையில். மாப்பிள்ளை கால்சட்டையோடு ஏறி நின்றார்.

எழுபது கிலோ தொள்ளாயிரம்.

இறங்கி மறுபடியும் ஏறினார். தராசு மனம் மாறவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர், "ஒரு மணி நேரம் டைம் இருக்குதுங்க. அதுக்குள்ள எறக்கிட்டு வந்தா சரி. இல்லைன்னா மேட்ச் கேன்சல்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எதிராளி, மேட்டூர்க்காரர், அந்தப் பக்கம் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய எடை முடிந்துவிட்டது.

மாப்பிள்ளை துண்டை எடுத்து மடித்தார். பிறகு அதைப் பிரித்து மறுபடியும் மடித்தார். நான் அவரைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, காது மடல்கள் பயிற்சியில் நசுங்கித் தடித்திருந்தன. ஒன்றரை வருடமாக எங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தவருக்கு இப்படிக் காதுகள் இருப்பது எனக்குத் தெரியாது.

"அவங்க தராசு கோளாறா இருக்கும்" என்றார் நாத்தனார்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். வாகன நிறுத்தத்துக்கு எங்களை நகர்த்திக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் நின்று, தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார். "அவங்க தராசு சரிதான். நம்ம தராசுல ஒரு கிலோ கழியும்."

"எந்தத் தராசுல?" என்றேன்.

"கிடங்குத் தராசுல. சாக்குக் கழிவு."

விளக்கத் தேவையில்லைதான், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மக்காச்சோளம் விற்க வருகிறவர்களின் மூட்டைக்கு, சாக்கின் எடை என்று ஒரு கிலோ கழிப்பது வழக்கம். ஒரு கிலோ எடையுள்ள சாக்கை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கல் வைத்து நிறுத்த காலத்தில் வாயால் கழித்தார்கள்; எலக்ட்ரானிக் தராசு வந்ததும், ஒவ்வொரு முறையும் கழிப்பானேன் என்று தராசையே கழிக்கும்படி அமைத்துவிட்டார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணமில்லை; கேட்டால் எல்லாக் கிடங்கிலும் அப்படித்தான் என்பார்கள். இத்தனை வருடமாக அந்த ஒரு கிலோ எங்கே போய்க்கொண்டிருந்தது என்று யாரும் யோசித்ததில்லை. அது எங்கும் போகவில்லை. மாப்பிள்ளையின் இடுப்பைச் சுற்றி வந்து நின்றிருந்தது.

"மூட்டையத்தான கழிக்கும்னு நெனச்சேன்" என்றார் என் கணவர். தராசு ஆள் பார்த்துக் கழிக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். மாப்பிள்ளைக்கு அது மரியாதை கொடுக்கும் என்றும் எதிர்பார்த்திருக்கலாம்.

"பரவால்லைங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. இரண்டு வருட உழைப்பு கையைவிட்டுப் போகிற நேரத்தில் அவர் சொன்னது அதுதான். அந்த மரியாதையைக் கேட்டு எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவருடைய பயிற்சியாளர், டயர் கடை மாடிக்காரர், அதிகம் பேசாமல் காரின் கதவைத் திறந்தார். "ஏசி வேண்டாங்க. ஹீட்டர் போடுங்க. கண்ணாடிய ஏத்துங்க." டிக்கியில் முட்டைத் தட்டுகளுக்கு மேல் போர்த்தும் பாலிதீன் தாளும், நான்கைந்து காலிச் சாக்குகளும் கிடந்தன. பாலிதீனைச் சுற்றி, அதன்மேல் சாக்கைப் போர்த்தி மாப்பிள்ளையை முன் இருக்கையில் உட்கார வைத்தார். சாக்கின் பெயரால் கழித்ததைச் சாக்காலேயே இறக்கும் இந்த ஏற்பாட்டில் இருந்த நியாயத்தை அங்கே யாரும் ரசிக்கும் நிலையில் இல்லை.

அப்போது என் கணவர் ஒரு காரியம் செய்தார். மறுபக்கக் கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் தானும் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

சித்திரை மாதத்துச் சேலம் வெயிலில், கண்ணாடி ஏற்றிய காரில், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டு ஆண்கள். "வாங்க மாப்பிள்ளை", "வாரேனுங்க மாமா" என்பதற்கு மேல் ஒருபோதும் பேசிக்கொள்ளாதவர்கள். நாத்தனார் குடையோடும் நான் தண்ணீர்ப் பாட்டிலோடும் வெளியே நின்றோம். கண்ணாடி வழியாக என் கணவரின் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிச் சாம்பல் நிறமாவது தெரிந்தது. அவர் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை சிரித்தார். மறுபடியும் ஏதோ சொன்னார்; இந்தமுறை மாப்பிள்ளை சாக்குக்குள்ளிருந்து கையை எடுத்து ஏதோ ஒரு பிடியை அவருடைய முழங்கையில் காட்டிக் கொடுத்தார். என் கணவர் தலையை ஆட்டினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று பிறகு பல தடவை கேட்டேன். "தொழில் சமாச்சாரம்" என்பதற்குமேல் அவர் வாய் திறக்கவில்லை.

"என்ற தம்பிக்குச் சர்க்கரை இருக்குது" என்றார் நாத்தனார், மெதுவாக. "வெளிய வரச் சொல்லு புள்ள."

"உள்ளயே இருக்கட்டும். உங்க தம்பி தராசுனால வந்த வெனைதான?" என்றேன்.

நேரம் முடிய இருந்தபோது மாப்பிள்ளையைத் துடைத்து மேசைக்கு அழைத்துப் போனார்கள். தராசு எழுபதுக்கு மேல் நூறு கிராம் காட்டி நின்றது. பயிற்சியாளர் இரண்டு பக்கமும் துண்டைப் பிடித்து மறைக்க, மாப்பிள்ளை கால்சட்டையையும் கழற்றினார். அப்படியும் கொஞ்சம் மிச்சம். பயிற்சியாளர் துண்டுக்குள் குனிந்து பார்த்து, "இதென்னங்க இது?" என்றார்.

அரைஞாண். கல்யாணத்துக்கு நாத்தனார் போட்டது. அவருடைய கௌரவத்துக்குத் தகுந்த பருமனில், கெட்டி வெள்ளியில். எப்படியும் கூண்டுக்குள் உலோகம் எதுவும் கூடாது என்று பயிற்சியாளர் சொன்னார். மாப்பிள்ளை கையை இடுப்பில் வைத்தபடி நாத்தனாரைப் பார்த்தார்.

"கழட்டக் கூடாதுங்க" என்றார் நாத்தனார். "ஆம்பளைக்கு உசுரு இருக்கற வரைக்கும் வெறும் இடுப்பு ஆகாது. அதும் அடிதடிக்குப் போற நேரத்துல."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பல்ல. மாப்பிள்ளையின் கை இறங்கிவிட்டது. மேசைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இப்படியே இரண்டு நிமிடம் போனால் அந்த மனிதர் பெரியத்தையின் மனம் நோகக் கூடாது என்பதற்காகத் தன் ஒரே சண்டையை விட்டுக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லி அனுப்ப மகள் பக்கத்தில் இல்லை.

நான் துண்டுக்கு அருகே போய், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளங்கையை நீட்டினேன். "கழட்டிக் குடுங்க. நான் வெச்சிருக்கறேன்."

அவரிடம் நேராக நான் பேசிய முதல் வாக்கியம் அது. ஒரு மாமியார் மாப்பிள்ளையிடம் முதன்முதலாகப் பேசத் தகுந்த வாக்கியமா என்பதை இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. ஒரு கணம் கழித்து வெதுவெதுப்பாக, வியர்வையோடு, அந்த வெள்ளி என் கைக்கு வந்தது.

எழுபது. சரியாக.

மாலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. என் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள், மடியில் சாப்பாட்டுக் கூடையோடு. மேட்டூர்க்காரரின் தாயார் என்று பேச்சில் தெரிந்தது.

"உங்க பையனுங்களா?"

"மாப்பிள்ளைங்க."

அந்த அம்மாள் என்னைத் திரும்பி நன்றாகப் பார்த்தார். "மாப்பிள்ளையவா அடிக்க உட்டீங்க? எங்க பக்கமெல்லாம் மாப்பிள்ளைய அதட்டக்கூட மாட்டோம்."

"எங்க பக்கமும் அப்படித்தாங்க. அதான் வெளி ஆளை வெச்சுச் செய்யறோம்."

அவர் சிரித்துவிட்டார். கூடையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

மேட்டூர்க்காரருக்குக் கை நீளம். முதல் சுற்றில் அந்தக் கை என் மாப்பிள்ளையின் மூக்குக்கு ஒரே வழியில் போய் வந்துகொண்டிருந்தது. தெருவில் வழிவிடுகிற மனிதர் இங்கும் வழிவிடுகிறார் என்று நான் நினைத்த நேரத்தில், அவர் சட்டென்று குனிந்து எதிராளியின் இடுப்பைக் கட்டி, தரையிலிருந்து முழுதாகத் தூக்கி, கீழே போட்டார். கூண்டு அதிர்ந்தது. "மூட்டையத் தூக்கறாப்புல தூக்கறாரு பாரு" என்றார் நாத்தனார். அரைஞாணைக் கழற்றி வாங்கியதிலிருந்து என்னிடம் முகம் கொடுக்காதவர் இப்போது என் தொடையை இறுகப் பற்றியிருந்தார். என் இன்னொரு கையில் அரைஞாண் இருந்தது. என் கணவரின் போன் அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை.

இரண்டாம் சுற்றில் காரில் வியர்வையாக விட்டுவந்த தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. மாப்பிள்ளையின் வாய் திறந்தே இருந்தது. கைகள் நீருக்குள் அசைபவைபோல் அசைந்தன. அடி வாங்கினார். விழுந்தார். எழுந்தார். ஒவ்வொரு முறை எழும்போதும், விருந்தில் மூன்றாம் முறை பரிமாறப்பட்டவருடைய அதே பொறுமை முகத்தில் இருந்தது. அந்தப் பொறுமையை ஒன்றரை வருடமாக நான் பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் சுற்றில் இருவரும் தரையில் உருண்டார்கள். எந்தக் கால் யாருடையது என்று தெரியவில்லை. பிறகு மாப்பிள்ளை தன் கையால் எதிராளியின் தொடையை மெதுவாகத் தட்டுவது தெரிந்தது.

"பாத்தியா" என்றார் நாத்தனார், குரல் தழுதழுக்க. "அடிக்கறவனையும் தட்டிக் குடுக்கறாரு. எங்கூட்டு மாப்பிள்ளைக்கு இருக்கற கொணம் யாருக்கு வரும்."

நடுவர் பாய்ந்து வந்து இருவரையும் பிரித்தார். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொள்வதாக அர்த்தம் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். நாத்தனாரிடம் சொல்லவில்லை. மேட்டூர்க்காரரின் கையை உயர்த்தியபோது அவர், "அவங்களுக்கு உட்டுக் குடுத்துட்டாராட்டம்" என்று பெருமையோடு எழுந்து நின்றார். அதை மாற்ற எனக்கு மனமில்லை, பாதி உண்மையும்கூட.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில், பந்தி இலைபோடும் மேசையில் மாப்பிள்ளை பனிக்கட்டியை மூக்கில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவரைத் தோற்கடித்தவர். மேட்டூர் அம்மாள் கூடையைத் திறந்து இருவருக்கும் தயிர்ச்சோறு போட்டுக்கொண்டிருந்தார். நாத்தனாரும் போட்டியில் இறங்கி மூன்று டப்பாக்களைத் திறந்துவிட்டார். இந்தமுறை மாப்பிள்ளை எதையும் ஒதுக்கவில்லை. மஞ்சள் கருவைத் தேடி எடுத்துச் சாப்பிட்டார்.

"வலிக்குதுங்களா?" என்றேன். இரண்டாவது வாக்கியம்.

"இல்லைங்க அத்தை." பிறகு, மூக்கிலிருந்து பனிக்கட்டியை எடுத்துவிட்டு, "ரெண்டாவது ரவுண்டுல கொஞ்சம் மூச்சு இருந்திருந்தா, அந்தக் கைய நான் மொதல்லயே புடிச்சிருப்பேனுங்க" என்றார். குரலில் வருத்தம் இல்லை. கணக்குப் போடுகிறவரின் குரல் அது.

அரைஞாணை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தப் பக்கம் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தார். "நீங்களே வெச்சிருங்க அத்தை" என்றார் தணிந்த குரலில். அன்று இரவு ஒரு கறுப்புக் கயிற்றை வாங்கிக் கட்டிக்கொண்டார். தராசில் ஏறுகிற நேரத்தில் கயிற்றை அறுப்பது சுலபம்.

கிடங்குத் தராசு இன்றும் ஒரு கிலோ கழிக்கிறது என்றே நினைக்கிறேன். நான் இரண்டு முறை கேட்டேன். "மாத்தணும், மாத்தணும்" என்று என் கணவர் இரண்டு முறை சொன்னார். ஆனால் நாமக்கல்லிலிருந்து வீட்டுக்கென்று ஒரு புதுத் தராசு வாங்கி வந்திருக்கிறார், துல்லியமானது. பேரக்குழந்தையை நிறுக்க என்றார். பிறக்கப்போகும் குழந்தையை நிறுக்க நூற்றைம்பது கிலோ தாங்கும் தராசு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வருகிற நாட்களில், காலையில், மாமனாரும் மாப்பிள்ளையும் அதைச் சுற்றி நின்று எதையோ மெல்லப் பேசிக்கொள்கிறார்கள். என்னைக் கண்டால் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

போன வாரம் மகள் பீரோவில் எதையோ தேடும்போது வெள்ளி அரைஞாண் அவள் கையில் கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பவள்போல் அசைத்தாள்.

"இது ஏம்மா இன்னும் உன்கிட்ட இருக்குது?"

"கொக்கி தளர்ந்திருச்சு சாமி. ஆசாரிகிட்டக் குடுக்கணும்" என்றேன்.

அவள் கொக்கியை மாட்டிப் பார்த்தாள். இறுக்கமாகவே இருந்தது. இரண்டாம் முறையும் மாட்டிக் கழற்றினாள். பிறகு அதை எடுத்த இடத்திலேயே, புடவைக்கு அடியில், திரும்ப வைத்துவிட்டு, "ஆசாரிகிட்ட அவசரம் ஒன்னும் இல்லைன்னு சொல்லு" என்று சொல்லிப் பீரோவைச் சாத்தினாள்.